தேர் வழியில் சிவப்பு வண்டி

அன்புள்ள தம்பி வில்சனுக்கு,

ராயபுரத்திலிருந்து அக்கா அடைக்கலமேரி எழுதுவது. சேசுவுக்குத் தோத்திரம். இங்கே நானும் பூனையும் நலம், கம்ப்யூட்டர்தான் நலமில்லை. மணலியில் நீயும் ஜானட்டும் பிள்ளைகளும் நலமாயிருக்க அந்தோணியாரை வேண்டுகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய். அதனால் உன் பக்கம் வேலைக்கு வரும் பக்கத்துவீட்டு பிலோமி கையில் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு நீ வந்து மாமாவின் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டாய். மறுநாளே இடமில்லை என்று அது சிவப்புக் கோடு காட்டியது. பழைய விண்டோஸ் குப்பையாகக் கிடக்கும், அழித்துவிடு என்றாய். சரிதான், ஆனால் செத்தவர் சட்டையைத் தானம் கொடுக்கும் முன் பாக்கெட்டைத் துழாவாமல் யாராவது கொடுப்பார்களா? நானும் துழாவினேன். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று, கடைசியில் பாஸ்கல் என்று உன் மாமா பெயர். தட்டினால் மனுஷன் பேசுகிறார் தம்பி. கோயில் திருவிழாவுக்கு மைக் பிடிப்பாரே, அதற்கு வீட்டில் பேசிப் பழகிப் பதிவு பண்ணினது. மேரி என்று ஒரு வார்த்தை வருமா என்று கடைசிவரை கேட்டேன். அன்பார்ந்த இறைமக்களே என்று செந்தமிழில் ஆரம்பித்து, "தேரு வருது, வழில கீற செவப்பு வண்டி யாருதுப்பா, எட்த்துடு" என்று முடித்துவிட்டார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு இதுதான் மிச்சம். அழுதுகினே சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை வைத்தேன். உன் மாமாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த கீழ்வீட்டு பக்தவச்சலம், சோத்துக் கையோடு ஓடிவந்து தன் சிவப்பு வண்டியை நகர்த்திவிட்டு, மாடியைப் பார்த்து, "எட்த்துட்டேன் பாஸ்கலு" என்றார். அப்புறம்தான் ஞாபகம் வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடக்கத்துக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

இப்போது பிலோமி சொல்கிறாள், அந்தப் பழையது பத்து நாளில் தானாகவே அழிந்துவிடுமாம். கோயிலே செத்தவருக்கு முப்பதாம் நாள் பூசை வரைக்கும் பொறுக்குது, இதுக்கு இன்னா அவசரம்? நாள் ஓடாமலிருக்க ஒயரைப் பிடுங்கிவிட்டு மேலே செபமாலையை மாட்டிவைத்திருக்கிறேன். நீ உடனே வந்து மாமாவை மட்டும் வெளியே எடுத்துக் கொடு. அதுவரைக்கும் அழி என்கிற வார்த்தையை என்னிடம் சொல்லாதே.

ஜானட்டுக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடு.

உன் அக்கா
அடைக்கலமேரி

பி.கு.: கடிதம் வாங்க வந்த பிலோமி ஒயரை மாட்டி, மாமாவை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். மீதிக் குப்பையை நானே அழித்தேன், இப்போ எடம் தாராளமாக் கீது. அதனால் நீ வர வேண்டிய அவசியமில்லை. சும்மா வருவதாயிருந்தால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்து. உன்னுடையதும் சிவப்புதானே, மாமா விட மாட்டார்.