ஐந்து மணிக்குள் ஒரு ஒப்பாரி

சங்கையா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். லிங்கேஸ்வரன் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தான்.

சங்கையாவுக்கு எண்பத்தாறு வயது. டாக்டரே கையை விரித்து வன்னியம்பட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்ட மனுஷர். அவர் போய்ச் சேருவார் என்று நம்பித்தான் லிங்கேஸ்வரன் ராஜபாளையத்திலிருந்து தினமும் கேமராவோடு வந்துகொண்டிருந்தான்.

அவன் கெட்டவன் இல்லை. கல்யாண வீடியோ எடுத்தே காலம் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு. ஒப்பாரி பாடும் வெள்ளத்தாயைப் பற்றி இரண்டு வருஷம் பாடுபட்டு ஒரு ஆவணப்படம் எடுத்திருந்தான். ஆறு பட விழாக்கள் அதை வேண்டாம் என்றுவிட்டன. ஏழாவது விழாக்காரர்கள் மட்டும் இரக்கப்பட்டு, படத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், அந்தம்மா எப்போது பாடுவார் என்று கேட்டிருந்தார்கள். முழுசாக ஒரு பாட்டைச் சேர்த்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களாம்.

அங்கேதான் சிக்கல். சாவு விழாமல் வெள்ளத்தாய் வாயைத் திறக்கமாட்டாள். சும்மா பாடினால் அந்தப் பாட்டு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடும் என்பாள். துக்க வீடுகளிலோ கேமராவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சரி என்று சொன்னது சங்கையா குடும்பம் ஒன்றுதான்.

சாகக் கிடக்கிறவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு, லிங்கேஸ்வரன் தினமும் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிப் போனான். கிழவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மூன்றாம் நாள் கண் திறந்தார். ஐந்தாம் நாள்தான் இந்த இட்லி. புதன்கிழமை டீக்கடைக்கு நடந்தே போய்விட்டார். மகன் ஐயாதுரை லிங்கேஸ்வரன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்த ராசிதான், அப்பா பொழைச்சுக்கிட்டாவ" என்று அழுதார்.

போன மாதம் செத்தவர் யாருக்காவது பாடக்கூடாதா என்று வெள்ளத்தாயிடம் கேட்டுப் பார்த்தான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், மறுபடி பாடினால் போனவர் திரும்பிப் பார்ப்பார் என்றாள். அப்படியானால் வார்த்தை இல்லாமல் ராகத்தை மட்டும் முனகச் சொன்னான். முனகிய இரண்டாவது நிமிஷம் பக்கத்துத் தெருவிலிருந்து மாலையோடு மூன்று பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"எக்கா, எந்த வினை வந்தாலும் எனக்கே வரட்டும். நான் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

வெள்ளத்தாய் அவனையே பார்த்தாள். "கையெழுத்து எதுக்கு, வாய்வார்த்தை போதும். யோசிச்சுத்தான் சொல்லுதியா தம்பி?"

அவன் வேகமாகத் தலையாட்டினான்.

பிறகு அவள் பிரியமாக அவன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். பெண்டாட்டி பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை, அப்பா எந்த ஊர். இரண்டு வருஷமாக அவள் இதையெல்லாம் கேட்டதே இல்லை. லிங்கேஸ்வரன் நெகிழ்ந்துபோய், மைக்கை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

கதவைச் சாத்திவிட்டு, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுப் பன்னிரண்டு நிமிஷம் பாடினாள். கேமரா மீட்டரில் சத்தத்தின் அளவு சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா, கண்ணீர் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பதற்கே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது. வார்த்தை ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆனாலும் அழுகை வந்தது. இப்படி ஒரு பாட்டு கிடைத்ததற்காக அவன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டான்.

மூன்றரைக்கு ராஜபாளையம் ஸ்டுடியோவில் இருந்தான். பாட்டை ஆங்கிலத்தில் எழுதிப் போட, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கும் சித்தப்பா மகள் அனுசியா வந்திருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடமடவென்று தட்டியவள் நடுவில் நிறுத்தினாள். பின்னால் ஓட்டிக் கேட்டாள். மறுபடியும் ஓட்டிக் கேட்டாள். மணி நாலரை ஆகிவிட்டது, சீக்கிரம் முடி என்று லிங்கேஸ்வரன் பறந்தான்.

அனுசியா ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணே, 'படமெடுக்க வந்த ராசா, நாகஜோதி பொட்டழிச்சுப் போனீயளே'ன்னு பாடுதாவ. அது நம்ம மதினி பேருல்லா, அதையும் இங்கிலீஷ்ல போட்டுரவா?"