திவாகரன் திறந்த பொனட்

ஆனி பிறந்த செவ்வாய்க்கிழமை காலை திவாகரன் ஒரு முடிவெடுத்தார். இந்த வருசம் காரைக் கராஜுக்குக் கொண்டுபோவதில்லை. கோடைக்குச் செய்யவேண்டிய அத்தனையையும் தன் கையாலேயே செய்வது.

பிரதேச செயலகத்தில் இருபத்திரண்டு வருச உத்தியோகம். பைல் கோவை ஒன்று திறக்காமல் அவர் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. மஞ்சள் மட்டை ஒன்றை எடுத்து, ‘வாகனம், கோடைகால ஆயத்தம்’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வந்தது. பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

இந்த வைராக்கியத்துக்குக் காரணம் போன வருசம். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வெல்லாவெளியிலிருந்து மாமி சின்னத்தங்கத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது, பட்டிருப்புப் பாலத்தின் நட்டநடுவில் கார் நின்றது. நின்றதோடு விட்டதா? புட்டுப் பானை மாதிரி ஆவி தள்ளியது. பாலத்தின் இரண்டு பக்கமும் வாவி நிறையத் தண்ணீர். காருக்குள் ஒரு சொட்டு இல்லை. மாமி இறங்கினார். பின்னால் வைக்கோல் ஏற்றிவந்த உழவு மெசினில் ஏறினார். மருமகனைத் திரும்பியும் பாராமல் கோயிலுக்குப் போய்விட்டார்.

காத்தான்குடியிலிருந்து கராஜ்காரர் ஜிப்ரி வந்து பொனட்டைத் திறந்தார். சனம் கூடி நின்றது.

“சேர், இதுக்குத் தண்ணி ஊத்துறதெண்டு ஒரு வேல இரிக்கிறது உங்களுக்குத் தெரியுமா?”

பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்த மஞ்சள் கோவை.

மனைவி மேனுகா தேங்காய் திருவிக்கொண்டே விசயத்தைக் கேட்டாள்.

“இஞ்சாருங்க, ஜிப்ரி நானாட்டக் காட்டினா ஒரு நாளில முடிஞ்சிரும்.”

“ஜிப்ரிட்டயா? செத்தாலும் போகமாட்டன்.”

“செத்தா மறுகா என்னத்துக்குக் கராஜ்?”

“பகிடி விடாத. இது என்ட மானப் பிரச்சின.”

“மானத்துக்கு ஒயில் மாத்த ஏலுமா?”

“ஞாயிற்றுக்கிழம பார். எல்லாம் நானே.”

“சரி. அப்ப இந்த முற அம்மாவக் கூட்டிவர நான் ஓட்டுறனே. லைசன் எடுத்து ரெண்டு வருசம். அலுமாரிக்குள்ள கிடந்து படமும் மங்கிப் போச்சு.”

திவாகரன் கோவையை மூடினார். “நீயா? இந்தக் காரிட கிளச்சுக்கு என்ட கால மட்டும்தான் தெரியும். வேற கால் பட்டா உதறும். அடுத்த வருசம் பாப்பம்.”

“போன வருசமும் இதத்தான் சொன்னீங்க.”

“பாத்தியா, நான் சொல்லு மாறாத ஆள்.”

மேனுகா தேங்காயைச் சிரட்டை தேயும்வரை திருவினாள். “சரி, நீங்களே செய்ங்க” என்றாள். இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தது திவாகரனுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவர் மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போய், மேசையில் கந்தோர்க் கோவை ஒன்றை விரித்து, அதற்குள் போனை வைத்து, வெள்ளைக்காரன் ஒருவன் கார் கழற்றிப் பூட்டும் வீடியோக்களைப் பார்த்தார். பாசை விளங்கவில்லை. கை விளங்கியது. அது போதும் என்று நினைத்தார்.

ஞாயிறு காலை ஆறு மணி. சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய் சுற்றி, காரின் முன்னால் போய் நின்றார். பொனட்டைத் திறக்கும் பிடி எங்கே? உள்ளே ஏறியிருந்து ஒன்றை இழுத்தார், டிக்கி திறந்தது. மற்றதை இழுத்தார், பெற்றோல் மூடி திறந்தது. மூன்றாவது, சீற்றோடு அவரையும் மல்லாக்கப் படுக்கவைத்தது. தேத்தண்ணியோடு வந்த மேனுகா குனிந்து பார்த்தாள்.

“ஸ்டேரிங்குக்குக் கீழ, இடக்கைப் பக்கம்.”

“தெரியும். எல்லாத்தையும் ஒருக்காத் திறந்து பாக்கத்தானே வேணும்?”

பொனட் திறந்தது. ஒயில் பார்க்கும் கம்பியை உருவினார். ஒயில் தேன் மாதிரி மின்னியது.

“மேனு! ஓடியா! பதினெட்டு வருசத்துக் கார். ஒயிலப் பாரு. ஏன் தெரியுமா? ஓட்டுற ஆளிட கை அப்படி.”

“ஓம், நானும் அதத்தான் நினைச்சன்.”

ரேடியேட்டரைத் திறந்தார். பச்சை நிறத்தில் கழுத்துமுட்டக் கூலன்ட். நாலு டயருக்கும் காற்று அளந்தார். நாலும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவு. பெட்டரி முனைகள் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கோவையில் சரி போட்டார். இவ்வளவு நல்ல கார் போன வருசம் ஏன் ஆவி விட்டது என்ற யோசனை ஒரு கணம் வந்தது. மாமியின் பாரமாக இருக்கும் என்று தள்ளிவிட்டார்.

“பெல்ட் மட்டும் கொஞ்சம் இறுக்கவேணும் போல இரிக்கு.”

“இறுக்காதீங்க, மூச்சு முட்டும். வயிறு இப்பவே வெளியால நிக்குது.”

“காரிட பெல்ட்டடி!”

இருந்தாலும் ஒன்றையும் கழற்றாமல் எழும்ப மனம் வரவில்லை. காற்று வடிகட்டும் பெட்டியைத் திறந்தார். உள்ளே பில்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனாலும் எடுத்து நாலு தட்டுத் தட்டி உள்ளே வைத்து மூடினார். மூடி முடிய, ஒரு நட்டு கையில் மிஞ்சியது.

“இது எங்கயாம்?” என்றாள் மேனுகா.

“கம்பனிக்காரன் கூடுதலாப் போட்டு அனுப்பியிரிக்கான்.”

“தாங்க, பத்திரமா வைப்பம்.”

அவர் குளித்துவிட்டு வரும்போது அவள் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் கரியாம். கேட்டுவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே காருக்குள் ஏறி ஏசியைப் போட்டார். மார்கழிப் பனி மாதிரிக் காற்று வந்தது.

“அதிசயம்! வீட்டில நீ ஏசி ஏசிச் சூடாக்குறாய். இஞ்ச ஏசி போட்டா குளிருது!”

மேனுகா சிரித்தாள். பின்னேரம் தம்பி நிதுர்ஷனுக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, அத்தான் காரத் தனியாளா நிண்டு செய்து முடிச்சிட்டார். ஓம் கா, எந்த இன்ஜினும் பாப்பார்.”

அறைக்குள்ளிருந்து திவாகரனின் குரல் வந்தது. “டீசலும் பாப்பன் எண்டு சொல்லு!”

“கேட்டியா தம்பி? டீசலுமாம்.”

அடுத்த சனிக்கிழமை திருவிழாவுக்குப் புறப்பட்டார்கள். கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசியது. தார் ரோட்டு உருகி மணத்தது. வேண்டுமென்றே பதினொரு மணி வெயிலைத் தேர்ந்தெடுத்திருந்தார் திவாகரன். பட்டிருப்புப் பாலத்தில் காரை மெதுவாக்கி, தூண்டில்காரர்கள் ஒவ்வொருவருக்கும் முகத்தைக் காட்டினார். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் அசையவில்லை.

“பாத்தியா?”

“பாத்தன்.”

“இன்னொருக்காப் பார்.”

“பாத்துக்கொண்டுதான் வாறன்.”

வெல்லாவெளியில் மாமி பட்டுச்சேலை கட்டி வாசலில் நின்றார். பதினாறு வருசத்தில் முதல்தரமாக மருமகனைப் பார்த்துச் சிரித்தார். “வாங்க மகன். கை ராசிக்காரராமே நீங்க?”

திவாகரன் காற்றில் மிதந்துகொண்டே வளவுக்குள் போனார். புளியமரத்தடியில் நிதுர்ஷனின் கை உழவு மெசின் நின்றது. பக்கத்தில் சாக்கு விரித்து, ஸ்பேனர்களைச் சின்னதிலிருந்து பெரிதுவரை அடுக்கியிருந்தான்.

“அத்தான், பத்து நாளா ஸ்டார்ட் எடுக்குதில்ல. நீங்க டீசலும் பாப்பீங்க எண்டு அக்கா சொன்னவ.”

மேனுகாவைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். மாமி இவரையே பார்த்தார். திவாகரன் சேட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட முதல் நட்டைத் திருகினார். அது ஒயில் இறக்கும் நட்டு. பத்து நாளாய்க் கிடந்த கரி ஒயில் இரண்டு கையையும் முழங்கைவரை நனைத்தது.

“ஐயோ, கையப் பாருங்க” என்று மேனுகா ஓடிவந்தாள். “கார் வெயில்ல நிக்குது. அது டயருக்குக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க? நிழல்ல விடுறன்.” அவர் சேட்டுப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். “அவ்வளவுதான், நிழலுக்கு மட்டும்” என்றார் திவாகரன்.

கார் ஸ்டார்ட் ஆனது. உதறவில்லை. பின்னால் வளைந்து, படலையை ஒரு சாண் இடைவெளியில் தாண்டி, ரோட்டில் ஏறியது. முன் சீற்றில் மாமி இருந்தார்.

“பூச முடிய வந்திருவம்!” மேனுகா கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். “நீங்க ஆறுதலாச் செய்ங்க!”

களுதாவளைப் பக்கம் புழுதி கிளம்பி அடங்கும்வரை திவாகரன் வாய் திறந்தபடி நின்றார். பிறகு, வேறு வழியில்லாமல், வைராக்கியத்தை விழுங்கிக்கொண்டு, காத்தான்குடிக்குப் போன் எடுத்தார்.

“ஜிப்ரி, டீசல் இன்ஜின் ஸ்டார்ட் எடுக்காட்டி முதல்ல எதப் பாக்கிற?”

“ஆ, சேரா? கார் எப்படிப் போகுது? போன கிழம வியாழக்கிழம உங்கட மிசிஸ் கொண்டுவந்து எல்லாம் செய்தாங்களே. ஒயில், கூலன்ட், பெல்ட், பில்டர், ஏசிக்குக் கேஸ்.”

“ஆரு கொண்டுவந்தது?”

“மிசிஸ்தான். தனிய ஓட்டிக்கொண்டு வந்தாங்க. கராஜுக்குள்ள ரிவேர்ஸில விட்டாங்க சேர், நம்மட பொடியன்மாரே பாத்துக்கொண்டு நிண்டானுகள். ஞாயிற்றுக்கிழமயும் போன் எடுத்தாங்க. நட்டு ஒண்டு மிஞ்சிட்டாம், எங்க பூட்டுறெண்டு கேட்டாங்க. சொல்லிக் குடுத்தன்.”

திவாகரன் போனை வைத்தார். ஒயில் வழியும் கையைத் துடைக்கத் துணி தேடித் திரும்பினார். படலையடியில் சைக்கிளும் ஆட்டோவுமாக ஏழெட்டுப் பேர், தண்ணிப் பம்புகளோடும் புல்வெட்டும் மெசின்களோடும் நின்றார்கள். நிதுர்ஷன் கையில் கடதாசித் துண்டுகளோடு ஓடிவந்தான்.

“அத்தான், அவசரமில்ல. ஆக்கள் கூடினா நம்பர் எழுதிக் குடுத்து இருக்கச் சொல்லு எண்டு அக்கா சொல்லிட்டுத்தான் போனவ.”