பலகையில் சுட்ட குறி

ஒரு பெண்ணின் மாட்டுக்குறியை இரகசியப் போர்க்குறி என்று எழுதி அவரை விசாரணைக்குள் மாட்டிவிட்டவன் நான். போரைப் பற்றி முப்பது வருடம் படிப்பித்த எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

துணுக்காயில் பரமேஸ்வரி அக்காவின் வீட்டுக்கு ஆய்வுக்காகப் போன அந்த மாலை இப்போதும் பாதிக் கனவாகவே நினைவில் நிற்கிறது. குளத்துப் பக்கமிருந்து மாடுகள் பொன்னிறப் புழுதிக்குள் மிதந்து வந்தன. வாசல் படலைப் பலகையில் ஒரே அடையாளம் வரிசையாகக் கருகியிருந்தது: ஒரு வட்டம், கீழே இரண்டு கோடுகள். உடனே குறிப்பேட்டைத் திறந்தேன்.

"இது என்ன, அக்கா?"

"கம்பி காய்ஞ்சிட்டுதோ எண்டு பலகையில வைச்சுப் பாக்கிறது, சேர். பிறகுதான் மாட்டுக் கண்டுகளுக்கு..."

"பயப்படாதேங்கோ. எனக்கு விளங்குது." (ஒன்றும் விளங்கவில்லை.)

"சேருக்கு வெயில் பட்டிட்டுது போல," என்று சொல்லித் தயிர் தந்தார். 'மறைக்கிறார்' என்று குறிப்பெழுதியபடி தயிரைச் சாப்பிட்டு முடித்தேன்.

கொழும்புக் கருத்தரங்கில் கட்டுரைக்குக் கைதட்டல். அது அச்சில் வந்த சில வாரங்களில் அதிகாரிகள் துணுக்காய்க்குப் போய், அக்காவைத் துருவித் துருவிக் கேட்டு, பலகையையும் குறிசுடும் கம்பியையும் கொண்டுபோய்விட்டார்கள்.

அக்கா தொலைபேசியில் அழைத்தார். "சேர், அது என்ர மனுசன்ர பரம்பரைக் குறி. பதினொரு கண்டு குறியில்லாமல் நிக்குது. மேயவிட்டால் ஆரின்ர கண்டெண்டு சொல்லுறது?"

அன்றுதான் படிப்பு ஏறியது.

கட்டுரை பிழை என்று அச்சிட்ட இடத்துக்கும் அதிகாரிகளுக்கும் எழுதினேன். கம்பியை மீட்டு, மல்லாவி பஸ்ஸில் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதற்குள் இரண்டு கன்றுகள் வேறு பட்டிகளோடு கலந்து போய்விட்டன.

மிச்சத்துக்குக் குறி சுடும்போது, பிராயச்சித்தமாக நானே கன்றைப் பிடிப்பேன் என்று நின்றேன். புகை மெல்ல எழுந்தது. உலகமே அமைதியாக இருந்தது. கன்று உதைத்தது. கம்பி என் முழங்கைக்குக் கீழே பதிந்தது.

அக்கா தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சிரித்தார். "இனிச் சேரும் எங்கட பட்டிதான்!"

பதிலுக்கு இரண்டு கன்றுகள் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். தொலைந்தவற்றைப் பற்றி அதன்பின் அவர் பேசியதேயில்லை. தழும்பைத் தடவும்போதெல்லாம் நான்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் கொழும்பிலிருந்து அழைத்து, "மாடுகள் எல்லாம் நிக்குதோ, அக்கா?" என்று கேட்பேன்.

"ஓம் சேர், எல்லாம் நிக்குது. ஒண்டு மட்டும் கொழும்பில மேயுது."