தக்காளிக்கு முறை வைத்து வெளிச்சம் விட்டது நான்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

குத்தாலம் பக்கத்திலிருந்து காத்தாயி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பசுமாடும் நலம். அங்கு தாங்களும் தங்கள் அச்சு மிஷினும் நலமாக இருக்க மாரியம்மன் துணை செய்யட்டும்.

போன மாதப் புத்தகத்தில் தக்காளி பற்றி எழுதியிருக்கும் இசைவாணி என் மகன் வயிற்றுப் பேத்தி. படம் சுமாராக விழுந்திருக்கிறது, நேரில் இன்னும் லட்சணம். நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனாலும் கட்டுரையை நாலு தரம் படித்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் படித்துக் காட்டினேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது ஐயா. தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது.

கொல்லையில் பசுமைக்குடில் போட்டு, நடுவில் கறுப்புப் படுதா தொங்கவிட்டு, பக்கத்துக்குப் பத்துப் பை தக்காளி வைத்தாள். மழைக்காலத்தில் வெயில் போதாதென்று ஒரு பக்கத்துக்கு மட்டும் சாயந்திரம் ஆறு மணியிலிருந்து கத்தரிப்பூ நிறத்துல எல்.இ.டி. விளக்கு எரியும். அந்தப் பைகளுக்குச் சிவப்பு நாடா அடையாளம். மறுபக்கத்துக்கு ஒண்ணும் கிடையாது. "அதுங்க என்னடி பாவம் பண்ணுச்சு?"ன்னு கேட்டேன். "வித்தியாசம் பாக்கத்தான் அப்பாயி. நீ உள்ள போகாத"ன்னுட்டா. எனக்கு மனசு கேக்கல. ஆத்துல தண்ணி கம்மியானா தலைமடைக்கு மூணு நாள், கடைமடைக்கு மூணு நாள்னு முறை வச்சுத்தானே விடுறோம்? தண்ணிக்கு ஒரு ஞாயம், வெளிச்சத்துக்கு ஒரு ஞாயமா? காலைல அவ பஸ் ஏறுனதும் உள்ள போயி, இருட்டுல வாடிக் கிடக்கறதுல மூணு பையை விளக்குப் பக்கம் இழுத்துட்டு, அங்க கொழுத்து நிக்கிறதுல மூணை இங்க தள்ளிடுவேன். நாடாவையெல்லாம் பாக்கறதில்ல, வாட்டம்தான் எனக்குக் கணக்கு. ரெண்டு மாசம், ஒரு நாள் தவறாம. இடுப்புக்குத் தடவியே தைலம் தீந்துபோச்சு. கண் ஆப்பரேஷன் பண்ணதுக்கு அந்த வெளிச்சம் ஆகாதுன்னு சாயந்திரத்துல எட்டிப் பாக்கறதில்ல. என்ன முறை வச்சும் அந்த நோஞ்சானுங்க தேறவே இல்லைங்கறது வேற விஷயம்.

இப்ப இவ, விளக்குப் பட்டது சீக்கிரம் பழுத்துச்சு, பழம் பெரிசு, இனிப்பு அளக்கற கருவியில வச்சுப் பாத்ததுல இனிப்பும் கூட, எல்லாம் விளக்காலன்னு எழுதிட்டா. நானும் தின்னு பாத்தேன், நெசமாவே இனிப்புதான். ஆனா விளக்கைத்தான் நான் பொதுவாக்கிட்டேனே, அப்புறம் எப்படி விளக்கால? வர்ற வெள்ளிக்கிழமை விவசாயிங்க கூட்டத்துல மேடையேறிப் பேசப்போறா. இருநூறு பேர் முன்னால புள்ள பொய் சொன்னவளாகிடக் கூடாது. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்கதான் பக்குவமா ஒரு போன் போட்டுச் சொல்லணும்.

தங்கள் குடும்பமும் புத்தகமும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
பேத்தியால் பேர் பெற்ற காத்தாயி

பி.கு.: கவர் ஒட்ட ரெண்டு பருக்கை எடுக்கும்போது வீட்டுக்காரர் "யாருக்குக் கடுதாசி?"ன்னார். சொன்னேன். "சாயந்திரம் தண்ணி ஊத்தப் போனா தினம் மூணு சிவப்பு நாடாப் பை விளக்கில்லாத அந்தண்டை கிடக்கும். விளக்குப் போடறதுக்குள்ள எல்லாத்தையும் பழைய இடத்துல வச்சுடுவேன். ரெண்டு மாசமா மாட்டையில்ல திட்டுனேன். அது நீதானா?"ங்கறார். ஆகவே கட்டுரை சரி, விளக்கு சரி, புள்ளையும் சரி. மேலே எழுதியதை அடித்துவிடவும், படம் சுமார் என்பது மட்டும் நிற்கட்டும். நாப்பத்தாறு வருஷத்துல நான் மாத்தி வச்சதை இவர் திருப்பி வச்சு நல்லதா முடிஞ்சது இதான் முதல் தடவை. இந்த வரியை அச்சில் போட வேண்டாம், உங்க புத்தகத்தை அவரும் படிக்கிறார்.