பந்தியில் உட்கார்ந்த சோடியம்

அணுவைப் பற்றிப் படித்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். படித்துவிட்டு நிஜமாகவே அதிர்ந்துபோன ஒரே மனிதன் எங்கள் அணுகுண்டுதான்.

பெயர்தான் குண்டு, ஆள் ஒட்டடைக் கம்புக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருப்பான். தாம்பரத்தில் நாங்கள் பி.யூ.சி. படித்தபோது ஒட்டிய பெயர் அது. அணுவின் நடுவில் துளியூண்டு கரு, வெளியே எலக்ட்ரான்கள், மற்றதெல்லாம் வெற்றிடம் என்று வாத்தியார் சொல்லி முடிக்கவில்லை, எழுந்துவிட்டான்.

"சார், அப்போ நான் உக்காந்திருக்கிற பெஞ்சு?"

"அதுவும் பெரும்பாலும் வெற்றிடம்தான்."

அன்று முழுக்க அவன் உட்காரவில்லை. வீட்டிலும் கட்டிலை விட்டுத் தரைக்கு இறங்கிவிட்டான். "தரையும் அணுதானேடா?" என்றேன். "விழுந்தா அடி கம்மி" என்றான். கேன்டீனில் வடையைத் தூக்கிப் பிடித்து, "அண்ணே, ஓட்டை நடுவுல மட்டும்னு நெனைக்காதீங்க, மொத்தமுமே ஓட்டை!" என்று அலறினான். மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னா நைனா, உளுந்து நல்லாத்தானே ஆட்டுனேன்!"

எனக்கு வேறு கவலை. கெமிஸ்ட்ரியில் ஒரு தடவை கோட்டை விட்டிருந்தேன். மறுபடி தவறினால் படிப்பு அவ்வளவுதான். அனகாபுத்தூரில் எங்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன். "பெயிலானா இன்னா, தறி சும்மாத்தான் கீது, வந்து குந்து" என்று அப்பா சொல்லிவிட்டார். எலக்ட்ரான்கள் எந்த வட்டத்தில் எத்தனை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

"அக்கா கல்யாணத்துக்கு வா மச்சான், கண்ணால காட்டறேன்" என்றான் அணுகுண்டு. பந்திக்கு ஆள் உட்கார வைக்கும் பொறுப்பை வீட்டில் அவனிடம் கொடுத்திருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

முகூர்த்தம் முடிந்து பசியோடு கூட்டம் வந்தது. முதல் வரிசையில் இரண்டே பேரை உட்கார வைத்துக் கையைக் குறுக்கே நீட்டிவிட்டான். இரண்டாவதில் எட்டுப் பேர். மூன்றாவதில், நீள நெடுகக் காலி இலைகளுக்கு நடுவே, மாப்பிள்ளையின் பெரியப்பா தன்னந்தனியாக.

"பாத்துக்கோடா!" என்று கூட்டத்தைத் தாண்டி எனக்குக் கத்தினான். "உள் வட்டம் ரெண்டு, ஃபுல்! அடுத்தது எட்டு, ஃபுல்! மேடைலதான் கரு. அக்கா புரோட்டான். மாப்பிள்ளை நியூட்ரான், எந்தச் சார்ஜும் இல்லாம உக்காந்திருக்கார் பார்! கடைசில தனியா ஒண்ணு இருக்கே, அதான் சோடியம். அது சட்டுனு பிச்சிக்கிட்டுப் போயிடும்!"

பெரியப்பா துண்டை உதறி எழுந்தார். "பையனைப் பெத்த வூட்டுக்காரனைத் தனியா குந்த வெச்சு, சோடியம்னு வேற திட்றானா?" வேகமாக வாசலுக்கு நடந்தார். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பின்னாலேயே கிளம்பினார்கள். பாடத்தில் சொன்னபடியே பிய்த்துக்கொண்டு போகிறாரே!

அணுகுண்டின் அப்பா விட்ட அறையில் நாதஸ்வரம் நின்றது. தெரு முனை வரை ஓடி, காலில் விழுந்து, பெரியப்பாவைத் திரும்பக் கூட்டிவந்தவனும் அவனேதான்.

பரீட்சையில் சோடியம்தான் வந்தது. தேறிவிட்டேன். கல்யாணத்தன்றே, கன்னத்தில் விரல் பதிந்த சிவப்போடு என்னிடம் வந்து, "இப்பவாவது புரிஞ்சுதாடா?" என்று அவன் கேட்டபோது, "ரெண்டு, எட்டு, ஒண்ணு" என்று விரல் விட்டுச் சொல்லிவிட்டேன்.