அக்காவுக்காகச் சேர்த்த நாற்பத்தெட்டாயிரம் பாயிண்ட்

அன்புக்கும் அதட்டலுக்கும் ஒருசேர உரியவரான அக்கா அவர்களின் சமூகத்துக்கு, தம்பி வணங்கி எழுதிக்கொண்டது. ('அவர்கள்' எல்லாம் இந்த ஒரு வரிக்குத்தான். இனி வழக்கம்போல நீ, வா, போ.) இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம், அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சௌக்கியம் இல்லை. உன் சௌக்கியத்தைக் கேட்டால் "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பாய், ஆகையால் கேட்கவில்லை.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே திட்டுவாய். காரணம் இருக்கிறது. எங்கேயாவது போய் வரலாம் என்று நான் போனில் வாயைத் திறந்தாலே உன் வீட்டு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. போன வருஷம் மட்டும் ஏழு தடவை பொங்கியது. ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பால் எதற்கு என்று உன் தம்பி பெண்டாட்டியே கேட்கிறாள். கடிதத்தில் பால் பொங்காது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நாம் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறோம். நான், உன் தம்பி பெண்டாட்டி, மகள், பேத்தி, நீ. மூன்று நாள். உனக்குத் தனி அறை, ஜன்னலைத் திறந்தால் கடல். "எதுக்குடா மண்டு இந்தத் தண்டச் செலவு?" என்று நீ கேட்பது இங்கே வரை கேட்கிறது. அக்கா, இதில் செலவே இல்லை! அத்தனையும் இலவசம். கிரெடிட் கார்டு பாயிண்ட்டில் போகிறோம்.

உன்னை எனக்குத் தெரியாதா? என் முதல் சம்பளத்தில் உனக்கு எடுத்த புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு இரண்டு சட்டை வாங்கி வந்தவள் நீ. நான் அனுப்பிய மின்விசிறி அதே பெட்டியில் திரும்பி வந்தது, கூடவே பேத்திக்கு ஒரு கவுன். ஆனால் பற்பசையோடு சும்மா வந்த பிளாஸ்டிக் குவளையைப் பதினெட்டு வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாய். காசு போட்டதை நீ தொட மாட்டாய், சும்மா வந்ததை விட மாட்டாய். ஆகவே உன்னை அசைக்க வேண்டுமானால் சும்மா வர வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த நேரம் பார்த்து, சூப்பர் மார்க்கெட் வாசலில் மேசை போட்டிருந்த ஒரு பெண், "சார், நீங்க செலவு பண்ணப் பண்ண உங்களுக்குப் பாயிண்ட் சேரும், நாற்பத்தெட்டாயிரம் சேர்ந்தா கடற்கரை விடுதியே ஃப்ரீ" என்றாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. நாங்கள் இரண்டு பேர் சோப்பும் சர்க்கரையும் வாங்கிச் சேர்த்தால் எனக்குத் தொண்ணூற்றாறு, உனக்கு நூற்றெட்டு வயதாகும்போது கடல் வரும். அதனால் எங்கள் கட்டடத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முப்பத்தொரு வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு ஏறுவது இறங்குவது புதிதா? "எது வாங்கினாலும் என் கார்டுல வாங்குங்க, பணத்தை என் கையில குடுங்க" என்றேன். முதலில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு பழகிப்போனது. கீழ் வீட்டுப் பல் டாக்டர் நோயாளியைச் சாய்த்து உட்கார வைக்கும் நாற்காலி வாங்கினார், என் கார்டு. மூன்றாம் மாடியில் இரண்டு வாஷிங் மெஷின், ஒரு நாய்க்கு வயிற்றில் ஆபரேஷன், எல்லாம் என் கார்டு. ஒரு நாள் வங்கியிலிருந்து போன்.

"சார், இந்த மாசம் பல் டாக்டர் நாற்காலி வாங்கினது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நீங்க பல் டாக்டரா?"

"இல்லைம்மா, லிப்ட் மெக்கானிக். ரிடையர் ஆயிட்டேன்."

"நாய் ஆபரேஷனும் நீங்கதானா? உங்க நாய்க்கு இப்ப எப்படி இருக்கு சார்?"

"எங்க வீட்ல நாயே இல்லையேம்மா."

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். பிறகு கார்டை நான்கு நாள் நிறுத்தி வைத்தார்கள். நான் நேரில் போய், எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவள் இப்படிப்பட்டவள் என்று உன் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இனி ஊரார் சாமான் வாங்கக் கூடாது என்று கண்டித்து, கார்டைத் திறந்து விட்டார். அப்படியும் ஆசை விடவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் "உங்க பில்லை நான் கட்டட்டுமா?" என்று கேட்டேன். ஒரு அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். உன் தம்பி பெண்டாட்டி, "ஊர்ல ரிடையர் ஆனவங்க பேப்பர் படிக்கிறாங்க, எனக்குன்னு வாய்ச்சது கடை வாசல்ல பிடிபட்டு வருது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்கிறாயா? நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் படுக்கை விரிப்பு மடித்து, நீ ரிடையர் ஆன அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்துச் சொன்னாய்: "எத்தனை ஆயிரம் படுக்கைக்கு விரிச்சிருப்பேன்டா! ஒரு நாளாவது வேற யாராவது விரிச்சு வெச்ச படுக்கையில படுத்து எழுந்திரிக்கணும்." நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் அக்கா. அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, உனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து என் படுக்கையையும் நீதானே விரித்தாய்.

இப்போது கடைசிக் கூத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் கழித்து, போன மாதம் நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பத்து பாயிண்ட் சேர்ந்தது. குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, போனை எடுத்து உட்கார்ந்தேன். 'பயணம்' என்று ஒரு கட்டம் இருந்தது, அழுத்தினேன். நமக்கு வேண்டியது பயணம்தானே? நீலக் கடலுக்கு முன்னால் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது, அதையும் அழுத்தினேன். 'உறுதியா?' என்று கேட்டது. உறுதி என்றேன். 'மெய்யாகவே உறுதியா?' என்றது. இதென்ன நம்மைச் சந்தேகப்படுகிறதே என்று ரோஷம் வந்து ஓங்கி அழுத்தினேன். ஐந்தாம் நாள் வாசலில் ஆறு பெட்டி வந்து இறங்கியது, சக்கரம் வைத்த பெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக. அந்தக் குடும்பத்தின் காலடியில் பெட்டி இருந்ததை நான் கவனிக்கவில்லை அக்கா, அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன். பாயிண்ட் மீதி இருநூற்றுப் பத்து.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெட்டிகளைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன் தம்பி பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொண்டு வங்கிக்காரர்களோடு ஒரு மணி நேரம் போனில் பேசினாள். வெளியே வந்து, "எழுந்து முகம் கழுவுங்க. பேசிட்டேன். பாயிண்ட்டைத் திருப்பிப் போட்டுட்டாங்க, அறையும் பதிவாயிடுச்சு. பெட்டியும் நாமே வெச்சுக்கலாமாம்" என்றாள். எனக்கு நம்பவே முடியவில்லை. எவ்வளவு நல்ல வங்கி பார்! இவள் பேச்சில் சாமர்த்தியசாலி என்று கல்யாணமான புதிதிலேயே நீ சொன்னாய், நான்தான் முப்பத்தெட்டு வருஷமாக ஒத்துக்கொள்ளாமல் இருந்தேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே அக்கா, ஒரு காசு செலவில்லை. உனக்கென்று ஒரு பெட்டிகூட இருக்கிறது, அதுவும் சும்மா வந்ததுதான். மறுக்க உனக்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை. பேத்தி உனக்கு முத்தம் தரச் சொன்னாள், அவளே நேரில் தருவாள். உன் ஆசி என்றைக்கும் எனக்கு உண்டு, அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை; வருகிறேன் என்ற ஒரு சொல்லைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் மண்டு.

பின்குறிப்பு: அண்ணி, இது நான், உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுகிறேன். ஸ்டாம்ப் ஒட்டிப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். போன பாயிண்ட் போனதுதான், திரும்பாது என்று அன்றைக்கே வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். அறையை நான்தான் பணம் கட்டிப் பதிவு செய்தேன். ஜிப் மாற்றியும் பேண்ட் உயரம் குறைத்தும், புதுத் தையல் மெஷினுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பணம் அது. பழைய மெஷின் சத்தம் போடுகிறதே தவிர நன்றாகத்தான் ஓடுகிறது. அவருக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். உங்களிடமும் மறைத்து, இலவசம் என்று சொல்லி அழைத்துப்போயிருக்கலாம். மனசு வரவில்லை. கட்டின பணத்தை விடுதியில் திருப்பித் தரமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது எதற்கும் நாங்கள் விலை கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். இந்த ஒரு தடவை, காசு போட்டு வாங்கியது என்று தெரிந்தே எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி. அவருக்குப் போன் செய்து வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். நான் பக்கத்தில்தான் இருப்பேன், அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.