இன்னும் அஞ்சு டிகிரி தாங்கும்

கம்பெனிக்காரன் வைத்த வேகத்தில் தன் கம்ப்யூட்டரை ஓட்டுவதை மானக்கேடாக நினைக்கிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது மூடியில்லாத ஒரு பெட்டி. பக்கத் தகட்டைக் கழற்றி, குடலெல்லாம் வெளியே தெரியவிட்டு, எதிரே ஒரு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டிருப்பார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். "ஒங்களுக்கென்ன, ஆளு தாங்கும்" என்பார்.

கம்பத்தில் வீடியோ மிக்ஸிங் கடை வைத்திருந்த சேக் பரீத் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாப்பிள்ளை முகத்தை ரோஜாப்பூவுக்குள் விரியவைத்து, சிடியாக்கிக் கொடுப்பது தொழில். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை அதன் சொந்த வேகத்துக்கு மேல் விரட்டி ஓட்டலாம், அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர் என மதுரை நண்பர் ஒருவர் சொல்லிவைத்த நாளிலிருந்து தொழில் பின்னுக்குப் போய்விட்டது. பிராசஸரின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன எண் திரையின் மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி மதீனாவுக்குக் காய்ச்சல் என்றால் "மாத்திரையப் போட்டுப் படு" என்கிற மனிதர், அந்த எண் இரண்டு கூடினால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார்.

எவ்வளவு சூடு வரைக்கும் பாதுகாப்பு? அறுபதைத் தாண்டக் கூடாது என்றுதான் முதலில் சொன்னார். அறுபத்திரண்டு வந்த அன்று, அறுபத்தைந்து வரை பயமில்லை என்றார். அறுபத்தெட்டு வந்தது. எழுபதுக்கு மேல்தான் யோசிக்க வேண்டும் என்றார். ஆக, பாதுகாப்பான சூடு என்பது இப்போது இருக்கிற சூட்டுக்கு எப்போதும் கொஞ்சம் மேலே. சூடு மிஞ்சினால் கத்துவதற்கென்று மதர்போர்டில் ஓர் எச்சரிக்கை ஒலி இருந்தது. "சும்மா சும்மா கத்துது" என்று அதையும் அணைத்து வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் அவரிடம் இருந்த ஆதாரம் ஏலக்காய். மலையில் மாமனாருக்கு ஏலத்தோட்டம் உண்டு. கல்யாணமான புதிதில் அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் நின்று சூடு பார்த்தவர் பரீத். "அம்பத்தஞ்சு டிகிரில பச்சைக் காயே நெறம் மாறாம நிக்குது. இது சிலிக்கானுங்க, தாங்காதா?" என்பார். பிராசஸர் என்ன காயா, காய்ந்தால் விலை ஏறுவதற்கு? யாரும் கேட்கவில்லை. ஏலக்காயைச் சாட்சிக்கு இழுத்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் எவர் எதிர்த்துப் பேசுவார்?

அவர் இந்த ஓவர்கிளாக் வேலையைத் தொடங்கியது ஆடி மாதம். குமுளி மலையிலிருந்து இறங்குகிற காற்று போஸ்டரைக் கிழித்து, தகரத்தைத் தூக்கி, வேட்டிக்காரர்களைப் பாடாய்ப் படுத்திய நாட்களில் ஜன்னலைத் திறந்துவைத்தார். எண் நாற்பத்து நான்கு காட்டியது. விடுவாரா? சின்னமனூர், கூடலூர் என்று தொழில்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "நாப்பத்தி நாலு!" என்றார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஒரு வேலையும் பார்க்காமல் சும்மா இருந்தது.

ஆடி போய்ப் புரட்டாசி வந்தது. காற்று நின்றுவிட்டது. அது கொண்டுவந்த புழுதி மட்டும் பிராசஸர் மேலிருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்கில் மெத்தையாக அடைந்து கிடந்தது. எண்ணைப் பார்க்கிறவர் பெட்டிக்குள் எதற்குப் பார்க்கிறார்?

அந்தச் சமயத்தில்தான் மதீனாவின் தம்பி நவாஸுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. லீவு தீர்ந்து துபாய்க்குக் கிளம்புகிறான். புதுப்பெண் பாஜிலாவை இனி இரண்டு வருடம் கழித்துத்தான் பார்க்க முடியும். அதுவரை அவனுக்கு இருக்கப் போவது அந்தக் கல்யாண சிடி ஒன்றுதான்.

"மச்சான், கெளம்புறதுக்குள்ள கெடைச்சிருமா?"

"ஏலே, நம்ம சிஸ்டம் ஓடுற ஓட்டத்துக்கு நீ டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துரும்ல."

கிளம்புகிற அன்று மத்தியானம் நவாஸும் பாஜிலாவும் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மிக்ஸிங் முடிந்திருந்தது. முழுப் படத்தையும் சிடிக்கு மாற்றுகிற கடைசி வேலைதான் பாக்கி. மாப்பிள்ளையை அசத்திவிட வேண்டும் என்று வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றி ஓடவிட்டார் பரீத். எண் எழுபதைத் தொட்டது, எழுபத்தைந்தைத் தொட்டது, திரை கறுத்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி கறுப்பு. வேகத்தைக் குறைத்தால் ஓடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். குறைத்தால் மானம் என்ன ஆவது? நவாஸை டேபிள் ஃபேனைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். பாஜிலா கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, "லேசா வீசும்மா" என்றார்.

இனி இரண்டு வருடம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்கிற அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மூலையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த மதீனா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க நடக்குது இங்கன?"

"எழுபத்தி ஆறுதான். இன்னும் அஞ்சு டிகிரி தாங்கும்."

"மெஷினு தாங்கும். இந்தப் புள்ள தாங்குமா? பஸ் ஏறப்போற புருசங்கூட ரெண்டு வார்த்த பேச விடாம ஒங்க பொட்டிக்கு விசிற விட்டுருக்கீகளே, மனுசனா நீங்க?"

பிளக்கைப் பிடுங்கினாள். அட்டையை வாங்கித் தெருவில் எறிந்தாள். "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. சிடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்." நவாஸ் சிடி இல்லாமல்தான் பஸ் ஏறினான். ஆனால் அதற்கு முன் பாஜிலாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு ஏறினான்.

ஆளில்லாத கடையில், பார்க்க யாருமில்லை என்கிற தைரியத்தில், பரீத் புழுதியைத் தட்டி வேகத்தைக் கம்பெனிக் கணக்குக்கு இறக்கினார். பஸ் உசிலம்பட்டியைத் தாண்டும் நேரத்துக்கு சிடி தயாராகி வெளியே வந்தது. உள்ளபடியே அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்து துபாய் போன ஆளிடம் கொடுத்தனுப்பினார். கிடைத்துவிட்டது என்று நவாஸ் போன் பண்ணியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஒரு தடவகூட அம்பத்தி மூணத் தாண்டல, மாப்ளே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். "எனக்குக் கோபமே வராதுங்க, நான் ரொம்பப் பொறுமை" என்று போன வாரம்கூட யாரிடமோ சொன்னீர்கள் அல்லவா? அந்தச் சூட்டை எப்போது அளந்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே சும்மா படுத்திருந்தபோதுதானே? உங்கள் வீட்டில் அட்டையை வைத்துக்கொண்டு உங்களுக்கு விசிறிக்கொண்டே நிற்கிறவர்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சரியான எண் அவர்களுக்குத் தெரியும்.